கடைசித் திரையில் அண்ணையின் பெயர்

1

லண்டனில் ஹரோ ஸ்டேஷன் சுவரில் ஒரு படகுக்காரனின் படம் ஒட்டியிருக்கிறார்கள். முதுகு தெரிய நின்று துடுப்புப் போடுகிறான். கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி: இத்தனை ஆண்டுகளாக நாங்கள் ஒரே குடும்பம். வேலைக்கு ஓடுகிற அவசரத்திலும் நின்று வாசித்தேன். பிறகு வாயில் வந்ததைச் சொன்னேன். பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரப் பெண் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றார். தமிழில் திட்டினாலும் திட்டு என்பது எல்லாருக்கும் விளங்குகிறது.

குடும்பமாம். அந்தப் படகுக்காரனுக்கும் எனக்கும் என்ன வழக்கு என்பதை ஊரில் இருக்கிற உங்களுக்கு எழுதினால்தான் என் கொதி அடங்கும். அவனை உருவாக்கிய ஜப்பானிய ஸ்டூடியோவின் பெயரை மட்டும் எழுதமாட்டேன். அவர்களிடம் சட்டத்தரணிகள் இருக்கிறார்கள். என்னிடம் இருப்பது ஹரோவில் ஒரு பக்கச் சுவர் பக்கத்து வீட்டுக்காரனோடு பங்கான ஒரு வீடும், அதன் கடனும்தான்.

2

வீடியோ கேம் என்றால் பிள்ளைகளைக் கெடுக்கிற சாமான் என்று உங்களில் பலர் நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன், அது எனக்குச் சோறு போடத் தொடங்கும்வரை.

சினிமா முடிந்ததும் திரையில் பெயர்கள் ஓடுமல்லவா, விளையாட்டை முழுதாக விளையாடி முடித்தால் அதிலும் ஓடும். படம் கீறியவர், இசை போட்டவர், பிழை பிடித்தவர் என்று எல்லாரும் வருவார்கள். ஆனால் அந்தக் காலத்தில் ஜப்பானின் பெரிய கொம்பனிகள் பலவற்றில் சொந்தப் பெயர் போட விடமாட்டார்கள். பெயர் தெரிந்தால் போட்டிக் கொம்பனி ஆளைக் கொத்திக்கொண்டு போய்விடும் என்று பயம். ஆகவே எல்லாருக்கும் பட்டப்பெயர். ஹயாஷி என்ற இளைஞருக்குக் கிடைத்தது ‘வெங்காயம்’. அவருடைய தாய் ஒருநாள் மகன் செய்த விளையாட்டின் முடிவை முழுதாக இருந்து பார்த்துவிட்டு, “உன்ரை பேர் எங்கை?” என்று கேட்டாராம். இந்த வெங்காயந்தான் நான் என்று எந்த மகன் தாயிடம் சொல்வான்?

அந்தக் கோபத்தில் ஹயாஷியும் இரண்டு நண்பர்களும் வேலையை விட்டார்கள். ஒசாக்காவில் ஒரு நூடில்ஸ் கடைக்கு மேலே ஓர் அறையை வாடகைக்கு எடுத்தார்கள். சுவரெல்லாம் சூப்பு மணக்கும், கடதாசியும் மணக்கும் என்று ஹயாஷி சான் சொல்லியிருக்கிறார். (‘சான்’ என்பது நாங்கள் ‘ஐயா’ போடுவதுபோல.) அவர்கள் போட்ட முதற் சட்டம் இதுதான்: இங்கே வேலை செய்கிற எல்லாருடைய பெயரும் கடைசித் திரையில் வரும், சொந்தப் பெயராக வரும். முதல் விளையாட்டில் கீழே இருந்த நூடில்ஸ் கடைக்காரரின் பெயரும் வந்தது. கடனுக்குச் சாப்பாடு தந்தவராம். அந்த விளையாட்டு விலைபோகவில்லை. அடுத்ததும் அப்படித்தான். அதன் பிறகு வந்த படகுக்காரன்தான் அவர்களைத் தூக்கிவிட்டான்.

வெள்ளம் வந்து ஊரெல்லாம் தீவுகளாகிப் போகிறது. பிரிந்துபோன ஆட்களை ஒவ்வொருவராகத் தேடி ஏற்றி, அவரவர் வீட்டாரிடம் கொண்டுபோய் விடுவதுதான் படகுக்காரனின் வேலை. துவக்குச் சூடு இல்லை, வெட்டுக்கொத்து இல்லை. இதை யார் காசு கொடுத்து வாங்குவான் என்று எல்லாரும் சிரித்தார்களாம். உலகமே வாங்கியது.

3

நான் அப்போது யேர்மனியிலிருந்து லண்டனுக்கு வந்த புதிது. அகதி முகாமில் பொழுது போகாமலும், பிறகு ரெஸ்ரோறன்ற் குசினியில் பேச்சு வாங்கியும் படித்த டொய்ச், அதாவது யேர்மன் மொழி, என் வாயில் இருந்தது. அந்த ஸ்டூடியோ லண்டனில், ஹமர்ஸ்மித்தில் ஒரு கிளை திறந்து, ஐரோப்பிய மொழிகளில் விளையாட்டைச் சோதிக்க ஆள் தேடியது. யாழ்ப்பாணத்தான் ஒருவன் லண்டனில் இருந்துகொண்டு ஜப்பான்காரனுக்காக டொய்ச் பார்த்த கதை அப்படித்தான் தொடங்கியது. என் திருத்தங்களை வாசித்த அசல் யேர்மன்காரி ஒருத்தி, இந்த விளையாட்டில் அரசன் ஏன் சட்டி கழுவுகிறவன்போலக் கதைக்கிறான் என்று கேட்டாள். நான் அரசர்களோடு எங்கே பழகினேன்? பழகினது சட்டிகளோடு.

கிளைக்குப் பொறுப்பாக வந்தவர் ஹயாஷி சான்தான். மதியம் எங்களோடு இருந்தே சாப்பிடுவார். என் மனுசி கட்டித் தரும் இடியப்பத்தைச் சூப்பில்லாத நூடில்ஸ் என்பார். கொம்பனிக்கு ஒருமுறை கெட்ட காலம் வந்து சம்பளத்தை வெட்டினார்கள். எனக்கு வேறு இடத்தில் நல்ல வேலை சரிவந்திருந்தது. “நீ போனால் இந்த இடம் இடமாக இராது” என்றார் ஹயாஷி சான். நான் போகவில்லை. மனுசி அதை இன்றைக்கும் குத்திக்காட்டுவாள்.

படகுக்காரனின் இரண்டாம் பாகம் முழுக்க எங்கள் கைபட்டு வந்தது. அது வெளிவருமுன் ஹயாஷி சான் எங்களைக் கூப்பிட்டு ஒன்று சொன்னார். கடைசித் திரையில் உங்கள் பெயர் எப்படியும் வரும். அதற்குப் பிறகு ‘சிறப்பு நன்றி’ என்று ஒரு பகுதி இருக்கிறது, அதில் ஆளுக்கு ஒரு பெயர் போடலாம், யாரை வேண்டுமானாலும். ஒருவன் காதலியின் பெயரைக் கொடுத்தான். ஒருத்தி தன் நாயின் பெயரைக் கொடுத்தாள். நான் என் அண்ணையின் பெயரைக் கொடுத்தேன். ரவீந்திரன் பொன்னுத்துரை.

அவர் யார் என்று ஹயாஷி சான் கேட்டார். சொன்னேன். கலியாணம் முடித்துச் சில மாதத்தில், விசாரணை என்று ஆமிக்காரர் வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டு போனார்கள். விடிய விட்டுவிடுவோம் என்றார்கள். இன்னும் விடியவில்லை. ஹயாஷி சான், ‘நினைவாக’ என்று தனியாக ஒரு திரை போடட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். “அவர் செத்தவர் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. நன்றியில் போடுங்கள், உயிரோடு இருப்பவர்களின் வரிசையில்.” அவர் என் கையைப் பிடித்து, விளங்குகிறது என்றார். இந்த ஒரு சொல்லை மட்டும் நீங்கள் மறக்கக்கூடாது. விளங்குகிறது என்றார்.

4

இனி அண்ணியைப் பற்றிச் சொல்லவேண்டும். அண்ணையின் மனைவி. பிறகு அகதியாக லண்டன் வந்து, ஹவுன்ஸ்லோவில் ஓர் அறை எடுத்து, விமானங்களுக்குச் சாப்பாடு அடைக்கிற இடத்தில் வேலை செய்கிறார். குங்குமப் பொட்டு இல்லாமல் அவரை நான் கண்டதில்லை. மரணச் சான்றிதழ் எடுத்தால் உதவி கிடைக்கும் என்று ஊரில் அதிகாரிகள் சொன்னபோது, முதலில் ஆளைக் காட்டுங்கோ என்றவர். இங்கே வந்த பிறகும் அதே கரைச்சல்தான். ஹோம் ஒபிஸ், கவுன்சில், ஆஸ்பத்திரி என்று எங்கே போனாலும் மணமானவரா, விதவையா, பிரிந்து வாழ்கிறவரா என்று கேட்பார்கள். மணமானவர் என்பார். கணவர் எங்கே என்று கேட்டால் தெரியாது என்பார். அவர்கள் பேனையைக் கீழே வைத்துவிட்டு இவரை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். பார்க்கட்டும் என்று இவரும் திருப்பிப் பார்ப்பார்.

திவசம் இல்லை, படத்துக்கு மாலை இல்லை, விளக்கு இல்லை. அண்ணையின் பிறந்தநாள் மட்டுந்தான். அன்றைக்கு அண்ணி மட்டன் றோல்ஸ் செய்து, ஒரு கேக்கும் வாங்கி வைப்பார். நாங்கள் ஹரோவிலிருந்து பஸ் மாறிப் போவோம். என் மகன் அருண் படகுக்காரனின் இரண்டாம் பாகத்தில் கடைசிக் கட்டத்தை விளையாடி முடிப்பான். சின்னதில் அவனுக்கு அதில் பெருமைதான். ஆட்களெல்லாம் கரைசேர்ந்ததும் இசை தொடங்கும், பெயர்கள் ஓடும், நாங்கள் எழுந்து நிற்போம். என் பெயர் போகும்போது யாரும் கவனிக்கமாட்டார்கள். பிறகு நன்றிப் பகுதி வரும். நாயின் பெயருக்கு அடுத்ததாக அண்ணையின் பெயர் மெல்ல ஏறி மேலே போய் மறையும். “ம், இருக்கிறார்” என்று சொல்லிவிட்டு அண்ணி கேக்கை வெட்டுவார்.

விசர்த்தனம் என்று சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். ஒரு நாய்க்குக் கீழே அண்ணையின் பெயர் வந்ததைப் பற்றி எங்கள் சொந்தக்காரர் ஒருவர் மூக்கைச் சுளித்தார். அவருடைய பெயரை எந்தத் திரையிலும் யாரும் போடவில்லை.

5

பிறகு நடந்ததைச் சுருக்கிச் சொல்கிறேன், நீட்டினால் எனக்குப் பிரஷர் ஏறும். விளையாட்டுகள் பெரிதாகின, செலவும் பெரிதாகியது. மூன்று நண்பர்களில் ஒருவர் காலமானார். மற்றவர் சண்டை பிடித்துக்கொண்டு விலகினார். ஹயாஷி சான் ஸ்டூடியோவை ஒரு பெரிய கொம்பனிக்கு விற்றார். எப்படிப்பட்ட கொம்பனிகளை விட்டு ஓடிவந்தாரோ, அப்படிப்பட்ட ஒன்றுக்கே. எதுவும் மாறாது என்று எங்களுக்குச் சத்தியம் பண்ணினார். அடுத்த கோடைக்குள் லண்டன் கிளையைப் பூட்டினார்கள். ஒரு கேக், ஒரு துணிப்பை, ஒரு கைகுலுக்கல். நான் இப்போது ஒரு வங்கியின் போன் ‘அப்’பைத் தட்டித் தட்டிப் பிழை பார்க்கிறேன். அதில் யாரும் கரைசேர்வதில்லை.

படகுக்காரன் இருந்த எங்கள் பழைய இறுவட்டு கீறல் விழுந்து நின்றுபோனது. அதற்குள் விளையாட்டை இணையத்தில் வாங்கலாம் என்று வந்தது, வாங்கினோம். போன ஆண்டு, அண்ணையின் பிறந்தநாளில், அண்ணி வீட்டில் அருண் மெசினைப் போட்டதும், ஆண்டுவிழாவை ஒட்டி உங்கள் விளையாட்டு இலவசமாகப் புதுப்பிக்கப்படுகிறது என்று அதுவே சொல்லிக்கொண்டது. யாரிடம் கேட்டுப் புதுப்பித்தார்கள்? தண்ணீர் இப்போது அசல் தண்ணீராகவே இருந்தது, வடிவாகத்தான் இருந்தது. அருண் முடித்தான். நாங்கள் எழுந்து நின்றோம்.

முதலில் தனித் திரையில், பெரிய எழுத்தில்: மூலக் கருத்து, ஹயாஷி. அதன் பிறகு எனக்குத் தெரியாத நூற்றுக்கணக்கான புதுப் பெயர்கள். அதன் பிறகு ஒரே ஒரு வரி: முதல் வடிவத்தை உருவாக்கிய அனைவருக்கும் நன்றி. அவ்வளவுதான். நான் இல்லை. அந்த யேர்மன்காரி இல்லை. அண்ணை இல்லை.

அண்ணி நின்றபடியே நின்றார். “வேகமாய் ஓடிட்டுதோ, நான்தான் காணேல்லையோ?” என்று கேட்டார். அருண் மறுபடி போட்டான். இல்லை. அன்றைக்குக் கேக் வெட்டவில்லை.

6

நம்ப நட, நம்பி நடவாதே என்று எங்கள் ஆட்கள் சும்மாவா சொன்னார்கள்? சொந்தப் பெயருக்காகக் கொம்பனியை விட்ட மனிதர், தன் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற எல்லாருடையதையும் விற்றிருக்கிறார். வேலியே பயிரை மேய்ந்தது. வேலை போனதைப் பொறுத்தேன். இதைப் பொறுக்க என்னால் முடியவில்லை.

இணையத்தில் யாரோ பழைய விளையாட்டை முடிவுவரை விளையாடிப் பதிந்து போட்டிருந்தார்கள். அருண் அதைத் தேடிப் பிடித்துக் காட்டினான். அண்ணி பார்த்துவிட்டு, “இது முந்தி எடுத்த படமெல்லே. இப்ப இருக்கிறாரோ எண்டதுதான் என்ரை கேள்வி” என்றார்.

கொம்பனிக்கு எழுதினேன். உங்கள் கருத்து எங்களுக்கு மிக முக்கியம் என்று ஒரு மெசின் பதில் போட்டது. மறுபடி எழுதினேன். விளையாட்டு நின்றுபோகிறதா, ஒலி வரவில்லையா, ஒன்றைத் தெரிவுசெய்யுங்கள் என்றது. அண்ணையைக் காணவில்லை என்பதற்கு அங்கேயும் இடமில்லை. ஹயாஷி சானுக்கு எழுதினேன். பதிலே இல்லை.

பிறகு ஆண்டுவிழாவுக்காக அவர் லண்டன் வருகிறார் என்று அருண் சொன்னான். நுழைவுச் சீட்டு எடுத்து, படகுக்காரன்போல வேசம் போட்ட பிள்ளைகளுக்கு நடுவில், நரைத்த தலையோடு நானும் கையெழுத்து வரிசையில் நின்றேன். என்னைக் கண்டதும் அவர் எழுந்துவிட்டார். “நூடில்ஸ்” என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

“என் அண்ணையின் பெயர் எங்கே?” என்று கேட்டேன்.

அவர் முகம் மாறியது. தீர்மானங்கள் இப்போது தன் கையில் இல்லை, தான் வெறும் ஆலோசகர் என்றார். உங்கள் பெயர் மட்டும் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். அவர் இடுப்புவரை குனிந்தார். பின்னால் நின்ற பிள்ளைகள் போன்களைத் தூக்கிப் படம் எடுத்தார்கள். நிமிர்ந்தபோது, எல்லாருடைய பெயரையும் கொண்டுவர என்னால் ஏலாது, உன் அண்ணையின் பெயரைக் கொண்டுவருவேன் என்றார். எனக்குள் எரிந்தது பாதி அணைந்தது. உண்மையைச் சொன்னால், எனக்கு அழுகை வந்தது.

அதற்குப் பிறகு கொம்பனியின் ஆங்கிலக் கடிதங்கள் வரத் தொடங்கின. பெயருக்கு உரியவர் யார், உங்களுக்கு என்ன முறை, எதற்காகச் சேர்க்கவேண்டும், எல்லாவற்றையும் விளக்கி எழுதட்டாம். சட்டத்தரணிகளுக்கு எழுதுகிற ஆங்கிலம் என் ஆங்கிலம் அல்ல. அருண் பல்கலைக்கழகம் முடித்தவன், நான் பார்த்துக்கொள்கிறேன் அப்பா என்றான். எங்களோடு ஒட்டாமல் போய்விட்டான் என்று நான் கவலைப்பட்ட பிள்ளை, பெரியப்பாவுக்காக இருந்து எழுதினான். அந்த நாட்களில் எனக்கு நெஞ்சு நிறைந்திருந்தது.

மாதங்கள் போயின. இந்த ஆண்டு பிறந்தநாளுக்குச் சற்று முன் ஹயாஷி சானே போன் எடுத்தார். “நானே பார்த்தேன். பெயர் திரும்பி வந்துவிட்டது. தனித் திரையில், மரியாதையாக” என்றார். நன்றி சொன்னேன். அண்ணிக்கும் சொன்னேன். றோல்ஸ் செய்யப்போகிறேன் என்றார். கேக்கும் வாங்குவேன் என்றார்.

7

ஞாயிறு மத்தியானம். அண்ணி நல்ல சேலை உடுத்திருந்தார். அருண் விளையாடி முடித்தான். இசை தொடங்கியது. எழுந்து நின்றோம்.

பெயர்கள் எல்லாம் ஓடி முடிந்தன. திரை கறுத்தது. கறுப்பில் வெள்ளை எழுத்து, நடுவில், அசையாமல் வந்து நின்றது.

நினைவாக. ரவீந்திரன் பொன்னுத்துரை.

விளங்குகிறது என்று என் கையைப் பிடித்த மனிதர் இதைப் பார்த்து, மரியாதையாக இருக்கிறது என்று எனக்குப் போன் எடுத்திருக்கிறார். இல்லாமல் பண்ணினது போதாது என்று கொன்றும் போட்டார்கள். நான் போனை எடுத்தேன், ஜப்பானில் என்ன நேரமாக இருந்தால் எனக்கென்ன. அப்போது அருண், “ஹயாஷியை ஏசாதேங்கோ அப்பா” என்றான்.

அவன்தான் எழுதியிருக்கிறான். போரில் இறந்துபோன என் பெரியப்பா என்று. சொல்லும்போது ஆங்கிலத்துக்கு மாறிவிட்டான். அவனுக்குக் கோபமோ அழுகையோ வந்தால் தமிழ் விட்டுப்போகும். அவர் செத்துவிட்டார் அப்பா, எல்லாருக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும், சின்னதிலிருந்து என்னை ஒரு பொய்க்கு விளையாட வைத்தீர்கள், ஒருமுறையாவது அவரை ஒழுங்காக வழியனுப்ப நினைத்தேன் என்றான். என் மனுசி அவன் வாயைப் பொத்தப் போனாள். நான் அவனை அடிக்கக் கை ஓங்கினேன். வளர்ந்த பிள்ளை, என்னைவிட உயரம். ஓங்கிய கை அப்படியே நின்றது. முகம் தெரியாதவன் செய்தால் ஏசலாம். பெற்றது செய்தால் யாரிடம் போய்ச் சொல்வது?

அண்ணி திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். ஆங்கிலம் அவருக்கு நல்லாய் விளங்கும், விமானச் சாப்பாட்டில் எது எவருக்கு ஒத்துவராது என்று வாசித்தே பழகியவர். மெல்லத் திரும்பினார்.

“அருண், எந்த நாள் எண்டு போட்டிருக்கிறாங்களோ?”

அவன் இல்லை என்று தலையாட்டினான்.

“எங்கை வைச்சு எண்டு?”

“இல்லைப் பெரியம்மா.”

“நாளும் தெரியாது, இடமும் தெரியாது, செத்தது மட்டும் தெரியுமாமோ” என்றார். குரல் உயரவில்லை. “நான் இவ்வளவு காலமும் அரசாங்கத்திட்டை வாங்காததை, நீ என்ரை வீட்டுக்கை கொண்டுவந்து தந்திட்டாய்.”

அருண் அழத் தொடங்கினான். அண்ணி கிட்டப் போய், சின்னப் பிள்ளைக்குச் செய்வதுபோல அவன் முகத்தைத் தன் சேலைத் தலைப்பால் துடைத்தார். மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது. துடைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“தம்பி, அதை எடுக்கச் சொல்லுங்கோ. பேர் வேண்டாம்.”

8

நானே எழுதினேன். என் ஆங்கிலத்தில், பிழையோடு. அந்தத் திரையை எடுத்துவிடுங்கள், வேறு ஒன்றும் வேண்டாம் என்று. பெயரைச் சேர்க்க மாதக்கணக்காய் முறை கேட்டவர்கள், எடுப்பதற்கு ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அடுத்த நாளே விளையாட்டு மறுபடி புதுப்பிக்கப்பட்டது. ஹயாஷி சான் போன் எடுத்தார், நான் பேசவில்லை. இனியும் பேசமாட்டேன். அருண் இப்போது கூட்டாளிகளோடு அறை எடுத்துத் தங்குகிறான். தாயோடு மட்டும் கதைப்பான்.

எடுத்துவிட்டார்களா என்று பார்க்க, அந்தச் சனிக்கிழமை நானே இருந்து விளையாடினேன். என் விரல்களுக்கு வேகம் போதாது, பின்னேரமாகிவிட்டது. எல்லாரையும் கரைசேர்த்தேன். பெயர்கள் ஓடி முடிந்தன. கறுப்புத் திரை. ஒன்றும் வரவில்லை.

அண்ணிக்குப் போன் எடுத்து, எடுத்தாச்சு என்றேன்.

“வடிவாய்ப் பாத்தனீங்களோ? ஒரு இடத்திலும் இல்லையோ?”

“ஓம் அண்ணி. ஒரு இடத்திலும் இல்லை.”

அந்தப் பக்கம் அவர் நீண்ட மூச்சு விடுவது கேட்டது.

“அப்ப சரி,” என்றார். “இனித் தேடலாம்.”